பிரித்த பாக்கெட் ராடு

எல்லாம் அவன் செய்தது, சார். அந்தக் கடைக்காரன். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த பஸ்ஸிலேயே அவனுக்குச் சொந்தக்காரன் எவனாவது எழுந்திருப்பான், நான் கையை நீட்டுவேன், கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிடுவார். ஒரு தடவை அப்படி இறங்கி நடந்திருக்கேன். ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டு, இன்றைக்கும் அதே கல்லாவில், அதே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, வருகிறவனுக்கெல்லாம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். நியாயமா அது? நீங்களே சொல்லுங்க.

முன்பின் தெரியாதவரிடம் எதற்கு இதைச் சொல்கிறான்னு பார்க்கிறீங்க. உங்க மடியில் இருக்கிற பைதான் காரணம். வெல்டிங் ராடு பாக்கெட் தலை நீட்டிக்கொண்டிருக்கு. காலடியில் புது வெல்டிங் பெட்டி, கட்டின கயிறுகூட அவிழ்க்கலை. கையில் ஒரு சூட்டுத் தழும்பு இல்லை. புதுசு நீங்க. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, இப்போ நிலத்தில் இறங்கியிருக்கீங்க. சரியா? பார்த்தீங்களா! ஆளைப் பார்த்து எடைபோடுவது என் தொழில்.

கொடுங்க, அந்தப் பாக்கெட்டைக் காட்டுங்க. பிடுங்கிக்கொண்டு ஓட மாட்டேன்.

அறுபது பதிமூணு. ராடு நம்பர் அது. கம்பி பன்னிரண்டு கேஜ், மெல்லிசு. நல்லது. புதுசாகக் கற்கிறவனுக்கு இதுதான் ராடு. தொட்டால் பிடித்துக்கொள்ளும், பொறி சாந்தமாக இருக்கும், மேலே படிகிற கசடு ஒரு தட்டு தட்டினால் ஓடு மாதிரி கழன்று வரும். வாசல் கேட்டு, கொட்டகைக் குழாய், மருந்தடிக்கிற டேங்குக்கு ஸ்டாண்டு, கலப்பையில் விட்டுப்போன சின்னப் பட்டை, எல்லாத்துக்கும் இது போதும். பாக்கெட் பிரிக்காமல் இருக்கான்னு பார்த்து வாங்கினீங்களா? சீல் இருக்கு. நல்லது, நல்லது. என்ன விலை சொன்னான்? வேண்டாம், சொல்லாதீங்க. சொன்னால் நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்ச் சண்டை போடுவேன்.

என் பேர் கலியபெருமாள். பழைய கலப்பை, ரோட்டவேட்டர், டிராக்டர் பின்னால் இழுக்கிற பெட்டி வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடம் மூணாவதோடு சரி. பதினோரு வயசில் மாட்டுச் சந்தையில் ஒரு தரகனுக்குச் சாணி அள்ளப் போனேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவாங்களே, அந்தத் துண்டுக்கு அடியில்தான் நான் படித்தேன். சந்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான் சார். விற்கிறவன் வாயிலிருந்து வருகிற எந்த வார்த்தையும் பேரம்தான். “இந்த மாடு கொஞ்சம் முட்டும்”னு ஒருத்தன் சொன்னால், அவனுக்கு உங்க மேல் பாசம்னு நினைக்காதீங்க. பக்கத்தில் கட்டியிருக்கிற விலை கூடின மாட்டுக்கு உங்களைத் தள்ளுகிறான். அவ்வளவுதான். அதை நம்பினவன் சந்தையில் வேட்டியை விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

எனக்கு ஒரே தங்கச்சி. அஞ்சலை. அம்மா போனப்போ அவளுக்கு ஆறு வயசு. நான்தான் வளர்த்தேன், நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன். மாணிக்கவேல்னு பேர். மூணு ஏக்கர், பாதி கரும்பு பாதி மல்லாட்டை, அதான் நிலக்கடலை. பழைய டிராக்டர் ஒன்று. அந்த டிராக்டரும் நான் பேசி முடித்துக் கொடுத்ததுதான். விற்றவன் அழுதான், அப்படிப் பேசினேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், “போதும் மச்சான், பாவம் மச்சான்”னு. அப்படி ஒரு ஆள். வாங்குகிற இடத்தில் விற்கிறவனுக்காக வருத்தப்படுகிற ஆள். நான் திட்டாத நாள் இல்லை. அவர் சிரிக்காத நாளும் இல்லை.

என் தொழிலுக்குத் தோதாக இருக்கும்னு ஒரு வெல்டிங் பெட்டி வாங்கினேன். நீங்க வைத்திருக்கிற மாதிரிதான். பட்டறைக்காரனிடம் போய்க் கையைக் கட்டி நிற்பது எனக்குப் பிடிக்காது. நானாகவே கற்றேன். முதல் பத்து ராடு ஒட்டிக்கொண்டது, அடுத்த பத்து இரும்பில் ஓட்டை போட்டது, அதற்கப்புறம் கை நின்றது. அஞ்சலை வீட்டுக் கதவு, மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி, மோட்டார் கொட்டகைத் தகரம், எல்லாம் என் கை. அவள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவாள், “எங்கண்ணன் பத்த வச்சா அதுல ஆனையக் கட்டலாம்”னு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கரும்பு வெட்டுக்கு ஆலையிலிருந்து உத்தரவு வந்தாச்சு. இன்ன தேதிக்குள் வெட்டி ஏற்றணும். அந்த நேரம் பார்த்து, டிராக்டர் பெட்டியை இழுக்கிற கொக்கி, டிராக்டரோடு பெட்டியை மாட்டுகிற இடத்தில் கெட்டியாக ஒரு வளையம் இருக்குமே, அது, அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. மாப்பிள்ளைதான் பார்த்தார். குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“மச்சான், பட்டறைக்குக் கொண்டு போயிடறேன். கொக்கியையே மாத்திடலாங்கறாங்க.”

“எத்தன நாளு ஆகும்?”

“ரெண்டு, மூணு நாளு.”

“ரெண்டு மூணு நாளு கரும்பு காயட்டும், நீங்க பட்டற வாசல்ல டீ குடிங்க. நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?”

“இல்ல மச்சான், இது லோடு இழுக்கற எடம்.”

“என் கைய நம்பலையா?”

அவர் பட்டறைக்குப் போகிறதை விட்டுவிட்டார். அவருக்கு என் கோபம் தெரியும்.

அன்றைக்குத்தான் அந்தக் கடைக்குப் போனேன். இப்போ நீங்க வாங்கின கடை இருக்கே, அதே வரிசையில் நாலாவது. கெட்டி இரும்புக்கு அறுபது பதிமூணு பத்தாதுன்னு எனக்கே தெரியும் சார். மேலே அழகாகப் படியும், உள்ளே இறங்காது. லோடு இழுக்கிற இடத்துக்கு எழுபது பதினெட்டு வேணும். அது ஒரு தனி ஜாதி. பலம் அதிகம், ஆனால் ஈரம் ஆகாது. பாக்கெட் பிரித்தால் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். குடித்த ராடை வைத்துப் பத்தவைத்தால், மேலே ஒன்றும் தெரியாது, ஆறின பிறகு உள்ளே மயிரிழை மாதிரி விரிசல் ஓடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்கிறீங்களா? அவன்தான் சொன்னான். கடைக்காரன்தான். அன்றைக்கே சொன்னான்.

ஆனால் எப்படிச் சொன்னான்னு கேளுங்க.

“எதுக்குண்ணே ராடு?” என்றான்.

“கொக்கிக்கு.”

“கொக்கிக்கா? வேணாம்ணே. கொக்கி வேற இரும்பு. சூடு பண்ணித்தான் பத்த வைக்கணும். பட்டறைக்குக் கொண்டு போங்க. இல்ல, புதுக் கொக்கியே இருக்கு, போல்ட் போட்டு மாட்டறது, காட்டட்டுமா?”

பார்த்தீங்களா? காட்டட்டுமாங்கிறான். நான் ராடு கேட்டால் அவன் கொக்கி விற்கிறான். நான் சிரித்தேன். இந்த வித்தையை நான் எத்தனை பேரிடம் செய்திருக்கேன்!

“ராடு எடுய்யா” என்றேன். எழுபது பதினெட்டில் சீல் உடைக்காத பாக்கெட்டை எடுத்து வைத்தான். பக்கத்திலேயே ஒன்று பிரித்துக் கிடந்தது, பாதிதான் இருந்தது, மழைக்காலத்திலிருந்து கிடக்கிற மாதிரி அட்டை நமுத்துப்போயிருந்தது. எனக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு ராடு. எதற்கு முழுப் பாக்கெட்? “அதக் கொடு, பாதி வெலைக்கு”ன்னு கேட்டேன்.

“அது வேணாம்ணே. அது ஈரம் குடிச்சது. அடுப்புல வச்சு முந்நூறு டிகிரியில காயப்போடணும். உங்ககிட்ட அந்த அடுப்பு கெடையாது. சின்னச் சின்னத் தகர வேலைக்குன்னா எடுத்துட்டுப் போங்க. கொக்கிக்கு வேணாம்.”

மூணு தடவை வேணாம்னான் சார். மூணு தடவை. சந்தையில் மூணு தடவை வேணாம்கிறவன் நாலாவது தடவை கொடுப்பான். நான் எழுந்து நடக்கிற மாதிரி படி வரைக்கும் போனேன். அவன் கூப்பிட்டான். கூப்பிட்டுக் கொடுத்தான். நான் ஜெயித்தேன்.

இப்போ சொல்லுங்க. ஆகாதுன்னு தெரிந்தவன் எதற்குக் கொடுத்தான்? கையைப் பிடித்துத் தடுத்திருக்கணும் இல்லையா? என் சட்டையைப் பிடித்திருக்கணும். பாக்கெட்டைத் தூக்கி சாக்கடையில் போட்டிருக்கணும். “கொக்கிக்கு வேணாம்”னு சொல்லிவிட்டால் முடிந்ததா? அதெல்லாம் ஒரு சொல்லா?

சரி. காயப்போடணும்னானே, அதையும் விடலை நான். மறுநாள் காலையில் அஞ்சலை வீட்டுக் களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அது பக்கத்திலேயே ஒரு சாக்கை விரித்து ராடைப் பரப்பினேன். நல்ல வெயில். பங்குனி வெயில், கால் வைக்க முடியாது. அஞ்சலை மல்லாட்டையைத் துழாவ வந்தவள், பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“என்னண்ணே இது, வடகமா? காக்கா தூக்கிட்டுப் போயிடப்போவுது!”

“போடி. திருப்பிப் போடு, அந்தப் பக்கமும் காயட்டும்.”

அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள் சார். மல்லாட்டையைத் துழாவுவாள், வந்து ராடைத் திருப்புவாள். அவள் கையால். அதை நினைத்தால்தான் எனக்கு... விடுங்க. முந்நூறு டிகிரின்னா எவ்வளவு சூடு? வெயில் எவ்வளவு சூடு? எனக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க? அந்தக் கடைக்காரன், “வெயில் பத்தாதுண்ணே”ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால்?

மத்தியானம் பத்தவைத்தேன். பொரிபொரின்னு சத்தம் போட்டது. ஊசி குத்தின மாதிரி அங்கங்கே சின்ன ஓட்டை விழுந்தது. மேலே இன்னொரு வரிசை போட்டு மூடினேன். கிரைண்டர் வைத்துத் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். கம்பெனியில் வந்த மாதிரி இருந்தது. சம்மட்டியால் நாலு போடு போட்டேன், கணீர்னு நின்றது. மாப்பிள்ளை தொட்டுப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் ஒரு சங்கிலி சேத்துக் கட்டிக்கலாமா மச்சான்?”

“சங்கிலி கட்டினா பாக்கறவன் என்ன சொல்வான்? கலியபெருமாள் வேலைய கலியபெருமாளே நம்பலம்பான். நானே ஓட்டறேன். நான் ஜவாப்பு.”

அப்படித்தான் சொன்னேன். நான் ஜவாப்புன்னு.

லோடு ஏற்றிக் காலையில் கிளம்பினோம். ஏரிக்கரை ஏற்றம் ஒன்று இருக்கு, செங்குத்து இல்லை, ஆனால் நீளம். கரும்பு லோடு ஏறும்போது பின்னால் ஒரு ஆள் கட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வரணும். வண்டி நின்றுபோனால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கணும். அது வழக்கம். மாப்பிள்ளை இறங்கி நடந்தார். நான் ஓட்டுகிறேன். பாதி ஏற்றத்தில் இன்ஜின் முக்குகிறது, புகை கக்குகிறது. திடீர்னு டிராக்டர் லேசானது சார்.

லேசானது. விருட்டுன்னு முன்னால் பாய்ந்தது. அந்த ஒரு நொடி நான் சந்தோஷப்பட்டேன். ஏற்றம் முடிந்ததுன்னு நினைத்தேன். உங்களிடம் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. சந்தோஷப்பட்டேன்.

திரும்பிப் பார்த்தால் பெட்டி பின்னால் போய்க்கொண்டிருக்கு. அவர் ஓடியிருக்கலாம். பக்கவாட்டில் குதித்திருக்கலாம். கட்டையைத்தான் கொடுத்திருக்கிறார், குனிந்து, சக்கரத்துக்கு. அந்தக் கட்டை தாங்குமா?

மூணு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. நினைவு வரும், போகும். அஞ்சலை பக்கத்திலேயே இருந்தாள். நான்? நான் சும்மா உட்காருகிற ஆளா சார்? உடைந்த கொக்கியைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கல்லா மேல் போட்டேன். கண்ணாடி உடைந்தது. கொக்கி உடைந்த வாயைப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. “பாருடா, நீ கொடுத்த ராடு, பாருடா”ன்னு கத்தினேன். கடைத்தெருவே கூடினது. முதல் நாள் போனேன், இரண்டாம் நாள் போனேன், ஸ்டேஷனுக்குப் போனேன், வியாபாரிகள் சங்கத்துக்குப் போனேன். மூணாம் நாளும் அங்கேதான் நின்றேன். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறப்போதான் போன் வந்தது.

அஞ்சலை சொன்னாள் அப்புறம். அவர் நடுநடுவே கண்ணைத் திறந்து, “மச்சான் எங்க, மச்சானுக்கு அடி கிடி படலியே”ன்னு கேட்டுக்கொண்டே இருந்தாராம். மூணு நாளும். “அண்ணன் கடைக்குப் போயிருக்கு”ன்னு அவள் சொல்லியிருக்கிறாள். என்ன வாங்கன்னு கேட்டாராம்.

காரியம் நடந்த அன்றைக்குச் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்கு. நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் தெரியணும் இல்லையா? அறுபது பதிமூணுன்னா என்ன, எழுபது பதினெட்டுன்னா என்ன, ஈரம் எப்படிப் போகும், அவன் எப்படி என்னை ஏமாற்றினான், எல்லாம். அஞ்சலை உள்ளேயிருந்து வந்தாள். நெற்றி வெறிச்சுன்னு இருந்தது. வந்து என் எதிரில் நின்றாள். அழலை.

“அண்ணே, எனக்கு ராடு வேணாம். ‘தப்பு என்னுது’ன்னு ஒரு தடவ சொல்லு. அது போதும் எனக்கு. நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

என்ன கேட்கிறாள் பாருங்க. வளர்த்தவனைப் பார்த்து. நான் என்ன சொல்வேன்? “அஞ்சல, மொதல்ல நான் சொல்றதக் கேளு, அந்த ராடு மழையில நனைஞ்சது...”ன்னு ஆரம்பித்தேன். அவள் கேட்கலை. உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். நான் பத்தவைத்துக் கொடுத்த அதே கதவு.

இரண்டு வருஷம் ஆகப்போகுது சார். பேச்சில்லை. பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு போனேன், பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். டிராக்டரை விற்றாள். அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேசியிருப்பேன். கரும்பை விட்டுவிட்டு முழுக்க மல்லாட்டை போடுகிறாளாம். களத்தில் தனியாக உட்கார்ந்து துழாவுகிறாள்னு சொல்கிறாங்க. எனக்குச் சோறு இறங்கலை. வெல்டிங் பெட்டியை அப்போ மூடினவன் இன்னும் திறக்கலை.

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்குப் போவேன். இன்றைக்கும் போய்விட்டுத்தான் வருகிறேன். இப்போ கத்துவதில்லை. படியில் உட்காருவேன். “எந்தங்கச்சிகிட்ட வந்து ஒரு தடவ சொல்லு”ம்பேன். அவன் தண்ணீர் கொடுப்பான், குடிக்க மாட்டேன். இன்றைக்கு என்ன தோன்றினதோ, கல்லாவை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வரேண்ணே. எந்தக் கெழமைன்னு சொல்லுங்க, கடையச் சாத்திட்டு வரேன். வந்து என்ன சொல்லணும்? அன்னிக்கு உங்ககிட்ட சொன்னனே, அத அப்படியே அவங்ககிட்ட சொல்லட்டுமா?”

பஸ்ஸுக்கு நேரமானது. எழுந்து வந்தேன்.

இதோ, இந்த வளைவு தாண்டினால் அவள் ஊர். அந்தப் புளியமரத்து நிறுத்தம். இங்கேயிருந்து நாலு எட்டு, வீட்டுக் களம் தெரியும். என்ன சார்? இறங்கவா? நானா? நான் எதற்கு இறங்கணும்? போய் என்ன சொல்ல? சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு, ராடைப் பற்றி ஒரு வார்த்தை பாக்கி இல்லை. கையை விடுங்க. கண்டக்டர், யாரும் இறங்கலை, போகலாம். போகலாம்ங்கிறேன்!

...போயாச்சு. யாராவது களத்தில் இருந்தாங்களா? நீங்க ஜன்னல் பக்கம் இருக்கீங்க. பார்த்தீங்களா? பச்சைச் சேலையா?

இப்படியே எத்தனை நாளைக்குன்னு நீங்களே சொல்லுங்க. அவன் வரணும் சார். செய்தவன் வந்து நேராக்கணும். அன்றைக்குச் சொன்னது, முந்தின நாள் சொன்னது, அந்தக் கதையெல்லாம் அவளுக்கு வேண்டாம். அவள் வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, “தப்பு என்னுது”ன்னு சொல்லணும். இரண்டே வார்த்தை. ஒரு ஆம்பளைக்கு இரண்டு வார்த்தை சொல்ல வாய் வராதா? நீங்க படித்தவர், நீங்க சொன்னால் கேட்பான். போய்ச் சொல்லுங்க. அவள் வேறு ஒன்றும் கேட்கலை சார், அதை மட்டும்தான் கேட்கிறாள். சொல்லிவிடச் சொல்லுங்க அவனை.